கடிக்கிற கிளியைக் கைக்குப் பழக்குவது எப்படி?

பரந்தனிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "பத்து வயது மகனுக்கு வவுனியாவில் கிளி வளர்க்கிற ஒருவரிட்ட நீல நிற ரிங்நெக் (கழுத்து வளையக் கிளி) ஒன்று வாங்கிக் குடுத்தம். எட்டு மாதம் எண்டு சொன்னவை. வந்து மூன்று கிழமை. கையை உள்ள விட்டாக் கடிக்குது, விடியவும் பின்னேரமும் வீடு அதிரக் கத்துது, ஒரு சொல்லும் கதைக்குதில்லை. பக்கத்து வீட்டு அண்ணை ரெண்டு நாள் பட்டினி போடுங்கோ, தானா வரும் எண்டுறார். அம்மம்மா நாக்கில வசம்பு உரசச் சொல்லுறா. என்ன செய்யிறது?"

தங்கச்சி, முதலில் அந்த இரண்டு வைத்தியத்தையும் தள்ளி வையுங்கள். உங்கள் கிளியின் எடை 120 கிராம் அளவில்தான் இருக்கும். அவ்வளவு சின்ன உடம்பில் சேமிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. இரண்டு நாள் பட்டினி அதைப் பழக்காது, கொன்றுவிடக்கூடும். வசம்பு விஷயத்தில் அம்மம்மாவின் மனதை நோகடிக்காமல் இதைச் சொல்லுங்கள்: கிளியின் சத்தம் தொண்டையில் பிறப்பதில்லை. மூச்சுக்குழாய் நெஞ்சுக்குள் இரண்டாகப் பிரிகிற இடத்தில் பிறக்கிறது. நாக்கு அந்தச் சத்தத்தைத் திருத்தி வெளியே விடுகிறது, அவ்வளவுதான். அதே நாக்கால்தான் அது விதையை உருட்டிக் கோது கழற்றுகிறது. நாக்கை உரசிப் புண்ணாக்கினால் பேச்சு வராது, சாப்பாடு நின்றுவிடும்.

இனிக் கடிக்கு வருவோம். மற்ற எல்லாம் இதற்குப் பிறகுதான்.

எங்கள் பக்கம் வயலில் இறங்கிய கிளிக்கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். வல்லூறு ஒன்று மேலால் போனால் போதும், அத்தனையும் ஒரே வீச்சில் எழும்பிவிடும். மேலேயிருந்து வேகமாக வருகிற எதுவும் கிளிக்கு எமன். கூட்டுக்குள் பிறந்து வளர்ந்தாலும் அந்தப் பயம் அதன் உடம்பிலேயே இருக்கிறது. அப்படிப்பட்ட பறவை ஒரு மூலையில் இருக்க, ஐந்து விரலுள்ள கை கதவால் நுழைந்து மேலேயிருந்து இறங்கினால் அது என்ன செய்யும்? வெளியிலென்றால் பறந்து போகும். கூட்டுக்குள் பறக்க வழியில்லை, ஆகவே கடிக்கும்.

ஆனால் கடிக்க முன்னர் அது பல தடவை சொல்லிப் பார்த்திருக்கும். இறகை உடம்போடு ஒட்ட இறுக்கும். உடம்பைப் பின்னுக்குச் சாய்க்கும். கண்ணின் கருமணி சட்சட்டென்று சுருங்கி விரியும். பிறகு வாயைத் திறந்து காட்டும். இத்தனைக்கும் பிறகு கை நிற்காமல் வந்தால்தான் கடி. கடித்ததும் கை பின்வாங்கிவிடும். ஆக, மற்ற எதற்கும் மனிசர் மதிப்புத் தருவதில்லை, கடிக்கு மட்டும்தான் தருகிறார்கள் என்று மூன்று கிழமையாக அது நன்றாகப் படித்து வைத்திருக்கிறது. இப்போது உங்கள் வேலை அந்தப் பாடத்தைத் திருப்பிப் போடுவது. அது உடம்பைப் பின்னுக்கு எடுத்த உடனேயே உங்கள் கை நிற்க வேண்டும், பின்வாங்க வேண்டும். "வேண்டாம்" என்று சொல்ல இடம் கிடைத்த கிளிக்குக் கடிக்கத் தேவையில்லை. கிளி வளர்ப்பில் நான் சொல்லக்கூடிய ஒரே பெரிய விஷயம் இதுதான்.

ரிங்நெக் இனத்துக்கென்று ஒரு குணமும் உண்டு. நான்கு, ஐந்து மாதத்தில் தொடங்கி ஒரு வயது மட்டும் சீறுவது, கொத்துவது போல் பாய்வது, நேற்று ஏறிய கையில் இன்று ஏற மறுப்பது எல்லாம் சாதாரணம். உங்கள் கிளி இப்போது அந்தப் பருவத்தின் நடுவில் நிற்கிறது. அது வளர்ந்து தாண்டிப் போகும், நீங்கள் இடையில் சண்டை பிடிக்காமல் இருந்தால். ஆணா பெண்ணா என்று இப்போது பார்த்துச் சொல்ல முடியாது. ஆணென்றால் ஒன்றரை வயதுக்கும் மூன்று வயதுக்கும் இடையில் கழுத்து வளையம் தெளியும். பெண் என்றால் வளையம் வராது, கொஞ்சம் அதிகாரமும் கூடவாக இருக்கும்.

பழக்கத் தொடங்குவோம். கூட்டை ஆட்கள் இருக்கிற விறாந்தையிலோ முன்னறையிலோ, ஒரு பக்கமாவது சுவரோடு முட்டும்படி, உங்கள் கண்மட்டத்தில் வையுங்கள். நாலு பக்கமும் திறந்திருந்தால் அது நாலு பக்கமும் காவல் இருக்க வேண்டும். முதல் ஒரு கிழமை, பத்து நாளுக்கு யாரும் கையை உள்ளே விட்டுப் பிடிக்க வேண்டாம். தண்ணீர், சாப்பாடு வைப்பதென்றால் மெதுவாக, பக்கவாட்டாக. மகன் வீட்டுப்பாடத்தைக் கூட்டுக்குப் பக்கத்தில் இருந்து செய்யட்டும். தமிழ்ப் பாடத்தைச் சத்தமாக வாசிக்கட்டும், இரண்டு பேருக்கும் பிரயோசனம். கிளியை உற்றுப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள். இரண்டு கண்ணாலும் நேரே வெறித்துப் பார்ப்பது இரை பிடிக்கிறவனின் பார்வை.

இந்த நாட்களில் ஒரு வேவு வேலை இருக்கிறது: அதற்கு எது மிகப் பிடிக்கும் என்று கண்டுபிடிப்பது. கிண்ணத்தில் எல்லாம் கலந்து போட்டால் எதை முதலில் பொறுக்குகிறது? பெரும்பாலும் சூரியகாந்தி விதையாக இருக்கும், சிலதுக்குக் கச்சான் துண்டு, சிலதுக்குத் தினைக்கதிர். பச்சை மிளகாய் விதைக்கு உயிரை விடுகிற கிளிகளும் உண்டு. மிளகாயின் உறைப்பை உணரும் அமைப்பு பறவைக்கு எங்களைப் போல வேலை செய்வதில்லை, அதனால் பயப்பட வேண்டாம். கண்டுபிடித்ததும் அந்தப் பொருளைக் கிண்ணத்திலிருந்து எடுத்துவிடுங்கள். இனி அது கையிலிருந்து மட்டும்தான் கிடைக்கும். பட்டினிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை அண்ணைக்கு விளங்கப்படுத்துங்கள்: வயிறு நிறையச் சாப்பாடு இருக்கிறது, இனிப்புப் பண்டம் மட்டும் உழைத்தால் கிடைக்கும்.

கோயில் திருவிழாவில் கிளிசாத்திரம் பார்க்கிறவரைக் கவனித்திருப்பீர்கள். கதவு திறந்ததும் கிளி நடந்து வரும், அட்டையை இழுத்துப் போடும், ஒரு நெல்லை வாங்கும், தானாகவே கூட்டுக்குள் போகும். சிறகை வெட்டி அவ்வளவு சின்னப் பெட்டிக்குள் ஒரு பறவையை வைத்திருப்பதை நான் ஏற்கவில்லை. ஆனால் அந்த மனிதர் செய்கிற ஒரு காரியம் முழுக்கச் சரி. வேலை முடிந்த கணத்தில் கூலி, பிந்துவதே இல்லை. இரண்டு, மூன்று விநாடி பிந்தினால் எதற்காகக் கொடுத்தீர்கள் என்று கிளிக்குத் தெரியாமல் போய்விடும். அந்த நேரத்தைக் குறித்துக் காட்டத்தான் ஒரு சத்தம் தேவை. நாக்கை அண்ணத்தில் தட்டி 'ட்சக்' என்று ஒரு சத்தம், அல்லது அழுத்துகிற பேனையின் 'டிக்'. சத்தம், விதை. சத்தம், விதை. கிளி எதுவும் செய்யாமலே முதல் இரண்டு நாள் இப்படிக் கம்பி வழியாகக் கொடுத்து வாருங்கள். சத்தம் கேட்டதும் விதை வருகிற பக்கம் திரும்பத் தொடங்கினால் அதற்கு விளங்கிவிட்டது.

அடுத்தது ஈர்க்கு. விளக்குமாற்றிலிருந்து நல்ல தடித்த ஈர்க்கு ஒன்றைக் கழுவி எடுத்து, நுனியைக் கம்பி வழியாகக் கிளிக்குக் கொஞ்சம் தள்ளிக் காட்டுங்கள். எதையும் சொண்டால் தொட்டுப் பார்ப்பது கிளியின் சுபாவம். தொட்ட கணத்தில் 'ட்சக்', உடனே விதை. ஒரு தரம் தொட்டதும் ஈர்க்கை மறைத்துவிடுங்கள், பிறகு இன்னொரு இடத்தில் காட்டுங்கள். கொஞ்ச நாளில் ஈர்க்கு எங்கே போகிறதோ கிளி அங்கே போகும்: மேல் தடிக்கு, கீழ்த் தடிக்கு, கதவு வாசலுக்கு. உங்கள் கை அதைத் தொடவே இல்லை, ஆனால் நீங்கள் சொன்ன இடத்துக்கு அது வருகிறது. இந்தக் கட்டத்தைப் பலரும் பாய்ந்து தாண்டிவிடுவார்கள். தாண்டாதீர்கள், பின்னால் வருகிற எல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது.

ஒரு தடவைக்கு ஐந்து நிமிஷம், கூடினால் பத்து. விடியச் சாப்பாடு வைக்க முன்னரும் பின்னேரம் வைக்க முன்னரும் செய்தால் நல்லது. கிளிக்கு ஆசை இருக்கும்போதே நிறுத்த வேண்டும். அது முகம் திருப்பும் வரைக்கும் இழுத்தால் நாளைக்கு ஈர்க்கைக் கண்டதுமே முகம் திருப்பும். பத்து வயதுப் பிள்ளைக்கு இதுதான் கஷ்டம், பக்கத்தில் இருந்து நீங்கள்தான் நேரம் பார்க்க வேண்டும்.

பிறகு கையில் ஏற்றுவது. நேரே விரலைக் கொடுக்காமல், ஒரு அடி நீளக் கொய்யாத் தடியைக் கதவு வாசலில் அதன் நெஞ்சுக்குக் கீழே பிடியுங்கள். தடிக்கு அந்தப் பக்கம் ஈர்க்கைக் காட்டினால் எட்டித் தொடுவதற்கு ஒரு காலைத் தடியில் வைக்கும். ஒரு கால் வைத்தாலே கூலி. இரண்டு காலும் வைத்தால் "ஏறு" என்ற சொல்லைச் சேர்த்துக் கொள்ளுங்கள். தடியில் தயக்கமில்லாமல் ஏறத் தொடங்கியபின் தடியைப் பிடிக்கிற உங்கள் கையை நாளுக்கு நாள் கிளிக்குக் கிட்ட நகர்த்துங்கள். ஒருநாள் அது தடியை விட்டு விரலில் மிதிக்கும். மிதித்ததும் கையை ஆட்டாமல் நில்லுங்கள். ஆடுகிற கொப்பைக் கிளி சொண்டால்தான் பிடித்துப் பார்க்கும், அது கடியல்ல. நீங்கள் பயந்து கையை இழுத்தால் அடுத்த தரம் அது கடியாகிவிடும்.

அப்படியும் கடித்தால்? "ஆ" என்று கத்தக் கூடாது, கையை உதறக் கூடாது, முகத்தில் ஊதக் கூடாது, சொண்டில் தட்டவே கூடாது. கத்துவது அதற்கு வேடிக்கை, தட்டுவது அதற்குச் சண்டை. பேசாமல் கிட்ட உள்ள தடியில் இறக்கி விட்டு, ஒரு நிமிஷம் அந்தப் பக்கம் பார்க்காமல் இருங்கள். கூட்டுக்குள் போட்டு மூடுவதைத் தண்டனையாக்கவும் வேண்டாம், கூடு அதன் வீடு. நாய்க்குட்டி மாதிரித் தடவ ஏங்குகிற பிள்ளைக்கு ஒன்று சொல்லி வையுங்கள்: ரிங்நெக் பொதுவாகத் தடவலை விரும்புகிற இனமில்லை. அது தோளில் வந்து இருப்பதே அதன் அன்பு. தலையைக் குனிந்து கழுத்து இறகை விரித்துக் காட்டினால் அங்கே மட்டும் சொறியலாம். முதுகையும் வாலடியையும் தடவினால் இனப்பெருக்க எண்ணம் கிளம்பி இன்னும் கூடக் கடிக்கும்.

கத்துவதைப் பற்றி ஒரே வரியில் சொன்னால், விடியவும் பொழுதுபடவும் கத்தத்தான் செய்யும். காட்டில் கூட்டம் கலைகிற நேரமும் அடைகிற நேரமும் அவைதான். அந்தப் பத்து, பதினைந்து நிமிஷத்தை நிறுத்த முடியாது. மற்ற நேரத்தில் கத்தினால், "பேசாம இரு" என்று நீங்கள் திருப்பிக் கத்துவது அதற்குப் பதில் கிடைத்த மாதிரி. நீங்கள் வேறு அறையில் இருக்கும்போது அது கூப்பிட்டால் ஒரு சின்ன விசிலால் பதில் கொடுங்கள். சத்தம் போட்டால் எதுவும் இல்லை, விசிலடித்தால் ஆள் வரும் என்று அது கணக்குப் பார்த்துக்கொள்ளும். இரவில் பத்து, பன்னிரண்டு மணிநேரம் இருட்டும் அமைதியும் வேண்டும். ரீவிக்குப் பக்கத்தில் கூட்டை வைத்துவிட்டுக் கிளி சிடுசிடுக்கிறது என்று சொல்லிப் பயனில்லை.

கதைப்பதற்கு வருவோம். எட்டு மாதத்தில் கதைக்கவில்லை என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை. ரிங்நெக் பல ஒரு வயதை ஒட்டித்தான் தொடங்கும், சிலது கடைசி வரைக்கும் விசிலோடு நின்றுவிடும். தெளிவாகக் கதைக்கக்கூடிய இனம் என்பது உண்மை. உருவத்தை வைத்தும் கணக்குப் போட முடியாது. எங்கள் கடைகளில் 'லவ் பேர்ட்ஸ்' என்று விற்கிற சின்னப் பட்ஜி இனத்தில், பக் என்ற ஒன்று 1,728 சொற்களோடு கின்னஸ் பதிவில் இடம்பிடித்தது.

ஒரே சொல்லை நூறு தரம் கிளியின் முகத்துக்கு நேரே சொல்வதிலும், ஃபோனில் பதிந்து ஓடவிட்டுப் போவதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. கிளி சொல்லைப் பிடிப்பது கூட்டத்தில் சேர. அந்தச் சொல்லால் ஆட்களுக்கு நடுவில் ஏதாவது நடக்கிறதா என்று அது பார்க்கும். இதை நன்றாகக் காட்டியவர் அமெரிக்க ஆய்வாளர் ஐரீன் பெப்பர்பேர்க். 1977இல் அவர் ஒரு கடையில் வாங்கிய ஆபிரிக்கச் சாம்பல் கிளிதான் அலெக்ஸ். 2007இல் அது இறந்தபோது நூற்றுக்கு மேற்பட்ட சொற்களைச் சரியான பொருளோடு பயன்படுத்தியது, நிறமும் வடிவமும் எண்ணிக்கையும் கேட்டால் சொன்னது. அவர் கையாண்ட முறை, கிளிக்கு முன்னால் இரண்டு மனிதர் கதைப்பது. ஒருவர் பொருளைக் காட்டிக் கேட்பார், மற்றவர் சரியாகச் சொன்னால் அந்தப் பொருளே அவருக்குக் கிடைக்கும், பிழையாகச் சொன்னால் கிடைக்காது. பிறகு ஆள் மாறும். பார்த்துக்கொண்டிருக்கிற கிளிக்குப் பொறாமை வரும்.

உங்கள் வீட்டில் இதற்கு ஒரு கச்சான் போதும். நீங்கள் கச்சானைக் காட்டி "இது என்ன?" என்று கேளுங்கள். மகன் "கச்சான்" என்று சொல்லி வாங்கிச் சாப்பிடட்டும், கொஞ்சம் நடித்து ருசித்துச் சாப்பிட்டால் இன்னும் நல்லது. பிறகு மகன் கேட்க நீங்கள் சொல்லுங்கள். கிளி 'க்கா' என்று ஏதாவது முனகினாலும் ஒரு துண்டு கொடுங்கள், உப்புப் போடாத கச்சானாக இருக்கட்டும். தூஷண வார்த்தை பேசுகிற விருந்தாளிகளைக் கொஞ்சம் தள்ளியே இருத்துங்கள். எல்லோரும் சிரிக்கிற சொல்லைத்தான் கிளி முதலில் பிடிக்கும், பிறகு அதை மறக்க வைக்க முடியாது.

சாப்பாட்டில் எங்கள் வீடுகளில் நடக்கிற பெரிய தவறு, வெறும் சூரியகாந்தி விதை, இல்லாவிட்டால் சோறும் பாணும் தேத்தண்ணியும். கொழுப்பு மிஞ்சி ஈரல் கெடும், உயிர்ச்சத்து ஏ இல்லாமல் மூக்கும் மூச்சும் கெடும். தினை, சாமை, குரக்கன், நெல் கலந்த தானியம், முளைகட்டிய பயறு, அதோடு நாள்தோறும் முருங்கை இலை, பொன்னாங்காணி, கரட், பூசணி, பப்பாசிப்பழம், கொய்யா கொடுங்கள். அவகாடோ, சொக்லேற், கோப்பி, உப்புப் பொரியல் எதுவும் கிட்டவும் வேண்டாம். அவகாடோ ஒரு துண்டே கிளியைச் சாகடிக்கலாம்.

கூடு நீங்கள் கம்பிவலை வாங்கி அடித்ததென்றால் ஒரு எச்சரிக்கை. புது நாகமுலாம் பூசிய வலையைக் கிளி சுரண்டிக்கொண்டே இருக்கும், அந்தத் துத்தநாகம் நஞ்சு. வினாகிரி போட்டுத் தேய்த்துக் கழுவி, சில நாள் வெயிலில் விட்டுத்தான் பாவிக்க வேண்டும். பூச்சில்லாத இரும்போ துருப்பிடிக்காத கம்பியோ கிடைத்தால் அதுவே மேல். கிளிக்கு நீளம் வாலோடு 40 சென்ரிமீற்றர் அளவில் வரும், சிறகை இரண்டு பக்கமும் விரித்தாலும் திரும்பினாலும் எங்கும் முட்டாத அகலம் வேண்டும். ஒரே தடிப்பான பிளாஸ்ரிக் தடி காலைப் புண்ணாக்கும், கொய்யாக் கொப்பு, வேப்பங்கொப்பு என்று தடிப்பு மாறி மாறி வையுங்கள். கொறிப்பதும் அதற்குப் பொழுதுபோக்கு.

வன்னி வெக்கைக்கு, தகரக் கூரைக்குக் கீழே மத்தியானத்தில் கூட்டை விட்டுவிட வேண்டாம். வாயைத் திறந்து மூச்சு வாங்கிச் சிறகை உடம்பிலிருந்து விலக்கிப் பிடித்தால் சூடு தாங்கவில்லை என்று அர்த்தம். நிழலுக்குக் கொண்டுபோய்த் தண்ணீரை மெல்லிய தூறலாக விசிறுங்கள். நுளம்புச் சுருள், சாம்பிராணிப் புகை, ஒட்டாத பூச்சுச் சட்டியை அடுப்பில் காயவிடும்போது வருகிற புகை, மூன்றும் கிளிக்கு ஆகாது. கடைசியாகச் சொன்னதற்கு மணம் கூடத் தெரியாது, சில நிமிஷத்தில் முடித்துவிடும். இரவில் பாம்பும் எலியும் பூனையும் வரும், கூட்டை உள்ளே எடுங்கள்.

வாரம் ஒரு தடவை சமையல் தராசில் தடியோடு ஏற்றி எடை பாருங்கள், ஈர்க்குப் பழகிய கிளி சந்தோஷமாக ஏறும். பத்தில் ஒரு பங்கு குறைந்தால், இறகை உப்பி வைத்துக்கொண்டு கூட்டின் அடியில் இருந்தால், மூச்சுக்கு மூச்சு வால் ஆடினால், அடுத்த நாள் பார்ப்போம் என்று இருக்காமல் மிருக வைத்தியரிடம் போங்கள். பறவை வருத்தத்தை மறைத்து மறைத்துக் கடைசியில்தான் காட்டும். வீட்டில் யாருக்காவது காய்ச்சலும் வறட்டு இருமலும் நீண்டால், கிளி வளர்க்கிறோம் என்பதை டொக்டரிடம் சொல்லுங்கள். கிளிகளிலிருந்து மனிதருக்குத் தொற்றுகிற ஒரு நுரையீரல் வருத்தம் உண்டு, தெரிந்தால் மருந்தும் உண்டு.

இந்த இடத்தில் வேறொருவருக்கும் ஒரு சொல். உங்கள் கிளி வளர்க்கிறவரின் கூட்டில் பிறந்தது, காட்டில் பொதுவாகக் காணாத நீல நிறமே அதற்குச் சாட்சி. ஆனால் போருக்குப் பிறகு தலையில்லாமல் நின்ற பனையிலும் தென்னையிலும் பொந்து பிடித்த காட்டுக் கிளிகளின் குஞ்சை ஏறி எடுத்து வளர்க்கிற பழக்கம் இன்னும் இருக்கிறது. பாணும் பாலும் ஊட்டி, பாதிக்கு மேல் செத்துப்போகும். காட்டுப் பறவைகள் பெரும்பாலும் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்துக்குள் வருகிறவை, 2009இல் அது இன்னும் இறுக்கப்பட்டது. கிளி வேண்டுமென்றால் வளர்க்கிறவரிடம் வாங்குங்கள், மரத்தில் ஏறாதீர்கள்.

கடைசியாக, பழகியபின் முற்றத்தில் விடலாமா என்று மகன் கட்டாயம் கேட்பான். வேண்டாம். வீட்டுக்குள் விடலாம், கதவு யன்னல் சாத்தி, ஃபானை நிறுத்தி, அடுப்பில் எதுவும் கொதிக்காத நேரம் பார்த்து. வெளியில் ஒரு வெடிச் சத்தத்துக்கு மிரண்டு எழும்பினால் எவ்வளவு பழகிய கிளியும் எங்கே இறங்குவது என்று தெரியாமல் போய்க்கொண்டே இருக்கும். தப்பித் தவறிப் போய்விட்டால் கலைக்காதீர்கள், கல்லும் தண்ணியும் எறியாதீர்கள். முதல் நாள் பெரும்பாலும் கிட்ட உள்ள உயர்ந்த மரத்தில்தான் இருக்கும். கூட்டைக் கதவு திறந்தபடி அது பார்க்கக்கூடிய இடத்தில் வைத்து, மகன் வழக்கமான விசிலோடு ஈர்க்கைக் காட்டிக்கொண்டு நிற்கட்டும். பசி வருகிற பின்னேரம் இறங்கப் பார்க்கும். இறங்காமல் இருட்டிவிட்டால் எந்த மரத்தில் அடைந்தது என்று பார்த்து வைத்து, விடிய வெளிச்சம் வர முன்னரே கூட்டோடு அந்த மரத்தடிக்குப் போய்விடுங்கள்.